பேண்டுக்கு டிரம்மர் வேண்டுமா? முதலில் பேஸ் வாசிப்பவரைக் கூப்பிடுங்கள்

புதிதாகப் பேண்டு தொடங்குகிறவர்களுக்குப் பாடகர் கிடைத்துவிடுவார். கிட்டாருக்குக் கல்லூரிக்கு நாலு பேர் இருப்பார்கள். கீபோர்டுக்கும் யாராவது சிக்கிவிடுவார்கள். டிரம்மர்தான் லேசில் அமைய மாட்டார். டிரம்ஸ் விலை அதிகம், இடத்தை அடைக்கும், அடுக்குமாடி வீட்டில் வாசித்தால் அன்று மாலையே அசோசியேஷன் செயலாளர் கதவைத் தட்டுவார். அதனால் நன்றாக வாசிக்கிற ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று நான்கு குழுக்களில் இருப்பது சென்னையில் சாதாரணம். ஆள் பஞ்சம் இருப்பதாலேயே, முதலில் வந்தவரை "சரி, இவரே இருக்கட்டும்" என்று சேர்த்துக்கொள்வதும் அதே அளவு சாதாரணம். அவர் பொருந்தவில்லை என்பது ஆறு மாதம் கழித்து, பத்துப் பாட்டு பழகிய பிறகு, பெரிய மேடை ஒன்றுக்கு முந்தின வாரம் தெரியவரும்.

நான்கிலிருந்து ஆறு பேர் கொண்ட சிறிய குழுவுக்காக எழுதப்பட்டது இது. சினிமாப் பாட்டு வாசிக்கிறவர்கள், சொந்தப் பாட்டு எழுதுகிறவர்கள், இரண்டையும் கலக்கிறவர்கள் எல்லோருக்கும் பொருந்தும். இதில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறோம்: டிரம்மர் என்ன வாசிக்கிறார் என்று பார்ப்பதைவிட, அவர் வாசிக்கும்போது மற்ற நால்வரும் எப்படி வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பாட்டுப் பட்டியல் போடுங்கள்

ஆளைத் தேடும் முன் ஒரு தாள் எடுத்து, அடுத்த மூன்று மாதத்தில் நீங்கள் வாசிக்கப்போகும் 10 பாட்டுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயம் குறியுங்கள்: டெம்போ (பாட்டின் வேகம்), நடை, லேப்டாப்பிலிருந்து டிராக் (முன்பே பதிந்த இசை) ஓடுமா, எந்த மாதிரி இடத்தில் வாசிப்பீர்கள். டெம்போ தெரியாவிட்டால் செல்போனில் மெட்ரோனோம் ஆப் இறக்கி, பாட்டைப் போட்டு, "டேப்" பொத்தானை 15 விநாடி தாளத்தோடு தட்டினால் எண் வந்துவிடும்.

இந்தத் தாள் பாதி வேலையை முடித்துவிடும். பத்தில் ஆறு பாட்டு 6/8 (ஆறு அடிச் சுற்று) என்று வந்தால், நேர் 4/4 (நான்கு அடிச் சுற்று) ராக் மட்டும் பழகிய ஆள் உங்களுக்குச் சரிப்பட மாட்டார். நம் ஊர்க் குத்துப் பாட்டுகள் பெரும்பாலும் 6/8தான். எட்டுப் பாட்டுக்கு டிராக் ஓடுகிறது என்றால், கிளிக் (மெட்ரோனோமின் தட்டொலி) கேட்டுக்கொண்டு வாசிக்கத் தெரியாதவரோடு ஒரு நாளும் ஓட்ட முடியாது. பட்டியலில் மெட்டல் பாட்டே இல்லையென்றால், வருகிறவர் டபுள் பெடலில் எவ்வளவு வேகம் காட்டினாலும் அது உங்கள் கணக்கில் வராது.

இடம் பற்றியும் யோசியுங்கள். கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன்தான் உங்கள் பிழைப்பு என்றால், நிஜ டிரம்ஸ் தேவையா என்பதே முதல் கேள்வி. தாழ்ந்த கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள மண்டபத்தில் ஸ்னேர் (அடியில் கம்பி பூட்டிய டிரம்) சத்தம் சுவருக்குச் சுவர் மோதும். மிக்ஸரில் ஃபேடரை முழுக்க இறக்கினாலும் அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, தோலிலிருந்து நேராக வருகிறது. மெல்லிசைக் குழுக்கள் எலெக்ட்ரானிக் பேடுக்குப் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரோலண்ட் நிறுவனத்தின் முதல் ஆக்டபேட் என்ற பேடு 1985இல் வந்தது. அதற்குச் சொந்தமாக ஒலி கிடையாது, வேறு கருவியை இயக்க மட்டும்தான் பயன்பட்டது. இன்றைய பேடுகளில் டோலக், தவில், கைதட்டல் என்று எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். ஆகவே உங்களுக்கு வேண்டியவர் டிரம்மரா, பேடு வாசிப்பவரா, இரண்டும் தெரிந்தவரா என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள். டிரம்ஸ் நன்றாக வாசிப்பவர் பேடும் வாசித்துவிடுவார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேடில் கால் வேலை குறைவு, கை வேலை அதிகம். எந்தப் பாட்டுக்கு எந்த ஒலித்தொகுப்பு என்று முன்கூட்டியே அடுக்கி வைக்கிற பொறுமையும் வேண்டும்.

எங்கே தேடுவது

ஜாம் ரூமில் (வாடகை ஒத்திகை அறையில்) சாவி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். யார் நேரத்துக்கு வருகிறார், யார் ஸ்டாண்டை உடைத்துவிட்டுச் சொல்லாமல் போகிறார், எந்தப் பேண்டு கலைந்து யார் சும்மா இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அடுத்து, டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள். மூத்த மாணவர்களில் யார் சேர்ந்து வாசிக்க ஆசைப்படுகிறார் என்று அவர்கள் சொல்வார்கள். கல்லூரிக் கலைவிழாக்களின் பேண்டுப் போட்டிகளும் நல்ல இடம். மேடையில் முதல் பரிசு வாங்கியவரை மட்டும் பார்க்காதீர்கள். சுமாரான பேண்டைத் தாங்கிப் பிடித்தவர் யார் என்று பாருங்கள்.

பலர் மறந்துவிடும் இடம் தேவாலயம். வாரம் தவறாமல், பாடுகிறவர்களுக்கு அடங்கி, அறிவிப்பில்லாமல் பாட்டு நீண்டாலும் சுருங்கினாலும் பின்தொடர்ந்து வாசித்துப் பழகியவர்கள் அங்கே நிறைய. பாடகரின் வாயைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் அவர்களிடம் ஊறியிருக்கும். ஒரே நிபந்தனை: ஞாயிறு காலையை அவர்களிடம் கேட்காதீர்கள், டிசம்பர் கடைசி இரண்டு வாரத்தையும் நம்பாதீர்கள்.

இன்ஸ்டாகிராம் வீடியோவைப் பார்த்து ஆளைக் கூப்பிடலாம், முடிவெடுக்கக் கூடாது. 30 விநாடி வீடியோ இருபதாவது முயற்சியாக இருக்கலாம். அவர் வாசிப்பது ஏற்கெனவே முடிந்த பாட்டின் மேல், அங்கே டெம்போவைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒலிப்பதிவே தவிர அவர் அல்ல. "வெட்டாமல், மற்றவர்களோடு சேர்ந்து வாசித்த ஒரு முழுப் பாட்டு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். செல்போனில் எடுத்த மோசமான பதிவாக இருந்தாலும் போதும்.

டிரினிட்டி, ராக்ஸ்கூல் என்ற இசைத் தேர்வுகளில் 8ஆம் கிரேடு வரை முடித்தவர்கள் வருவார்கள். கிரேடு என்றால் நோட்டு படிப்பார், கை கால் பயிற்சி ஒழுங்காக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். குழுவில் மற்றவர்களைக் கேட்டு வாசிப்பாரா என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது.

தேர்வுக்கு முன் என்ன அனுப்ப வேண்டும்

ஒரு வாரம் முன்பே மூன்று பாட்டு அனுப்புங்கள். ஒன்று மெதுவான மெலடி, 70 பிபிஎம் (நிமிடத்துக்கு 70 அடி) பக்கம். இன்னொன்று 6/8 நாட்டுப்புற நடை. மூன்றாவது உங்கள் சொந்தப் பாட்டு, டிரம்ஸ் இல்லாமல், கிட்டாரும் குரலும் மட்டும் செல்போனில் பதிந்தது. சொந்தப் பாட்டு இல்லாதவர்கள், ஏதாவது ஒரு பழைய பாட்டைத் தாளக்கருவி இல்லாமல் பாடிப் பதிந்து அனுப்பலாம். முதல் இரண்டில் அவர் எவ்வளவு தயார்செய்து வருகிறார் என்று தெரியும். மூன்றாவதில் அவருக்கு என்ன தோன்றுகிறது என்று தெரியும். ஒரே நாளில் நான்கு பேருக்கு மேல் பார்க்காதீர்கள், நான்காவது ஆளுக்குள் காது களைத்துவிடும். ஆளுக்கு 45 நிமிடம், நடுவில் 15 நிமிட இடைவெளி. ஒருவர் வெளியே வரும்போது அடுத்தவர் வாசலில் ஸ்டிக்கோடு நிற்கும் சங்கடம் யாருக்கும் வேண்டாம்.

இனி முக்கியமானது: பேஸ் கிட்டார் வாசிப்பவர் வரமுடியாவிட்டால் தேர்வைத் தள்ளிவையுங்கள். பாடகர் வராவிட்டால்கூட யாராவது முணுமுணுத்துச் சமாளிக்கலாம். டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கும் பேஸின் கீழ்ச்சுரமும் சேர்ந்துதான் பாட்டுக்கு அடித்தளம் போடுகின்றன. இந்த இருவருக்கும் ஒத்துவருமா என்பதைப் பார்க்காமல் எடுக்கிற முடிவு வெறும் ஊகம்தான்.

அவர் உள்ளே நுழைந்த முதல் பத்து நிமிடம்

ஜாம் ரூமில் பொதுவாக 22 இன்ச் கிக், 14 இன்ச் ஸ்னேர், இரண்டு மூன்று டாம் (நடுத்தர டிரம்), ஹைஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்), ஒரு கிராஷ், ஒரு ரைடு என்ற சிம்பல்கள் இருக்கும். வருகிறவர் என்ன கொண்டுவருகிறார் என்று கவனியுங்கள். குறைந்தபட்சம் இரண்டு ஜோடி ஸ்டிக்கும் சொந்த கிக் பெடலும் கொண்டுவந்தால் பழகிய கை என்று அர்த்தம். பெடலின் ஸ்பிரிங் இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும், பிறர் பெடலில் கால் தடுமாறும். ஸ்னேரும் சிம்பலும் சொந்தமாகக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. ஸ்டிக்கே இல்லாமல் வந்து "இங்கே இருக்கும்னு நெனச்சேன்" என்பவரும் உண்டு. அவரையும் வாசிக்கவிடுங்கள், ஆனால் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூல் உயரம், ஹைஹாட் இடைவெளி, ஸ்னேர் சாய்வு இவற்றைத் தன் உடம்புக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள அவருக்கு 10 நிமிடம் கொடுங்கள். ஜாம் ரூம் ஸ்னேர் எப்போதுமே சுருதி விட்டுத்தான் கிடக்கும். அதைத் தட்டிப் பார்த்து, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, எதிரெதிர்த் திருகுகளாக மாற்றி மாற்றி இறுக்குகிறாரா என்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்துத் திருகாக வட்டமாக இறுக்கினால் தோல் ஒரு பக்கம் இழுபடும். பேஸ் வாசிக்கும்போதெல்லாம் ஸ்னேரின் கம்பி "கிர்ர்ர்" என்று சேர்ந்து அதிரும். அந்த அதிர்வைக் கேட்டதும் நிமிர்ந்து பார்க்கிறவர் காது திறந்த ஆள்.

தனி ஆவர்த்தனம் கேட்காதீர்கள். சோலோவில் எல்லோரும் தங்களுக்குப் பிடித்த வேகத்தில் பிடித்ததை வாசிப்பார்கள். நீங்கள் வாயைப் பிளப்பீர்கள். ஆளைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நேரான வழி கிடையாது.

வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டியவை

மெதுவான பாட்டிலிருந்து தொடங்குங்கள். வேகமான பாட்டில் அடிக்கும் அடிக்கும் நடுவே இடைவெளி குறைவு, பிழை ஒளிந்துகொள்ளும். 70 பிபிஎம்மில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கிட்டத்தட்ட 0.86 விநாடி. அந்த வெற்றிடத்தைப் பார்த்து அரண்டுபோகிறவர் அதில் எதையாவது போட்டு நிரப்புவார், அல்லது அடுத்த அடியை முந்திப் போடுவார். கிளிக் இல்லாமல் முழுப் பாட்டையும் வாசியுங்கள். பல்லவியில் ஒரு தடவை, இரண்டாம் சரணத்தில் ஒரு தடவை, கடைசிப் பல்லவியில் ஒரு தடவை யாராவது மெட்ரோனோம் ஆப்பில் தட்டி டெம்போவைக் குறிக்கட்டும். 70இல் தொடங்கி 72, 73இல் முடிந்தால் கவலை வேண்டாம், மனிதர் வாசிக்கும் இசை அப்படித்தான். 70இல் தொடங்கிய பாட்டு 78இல் முடிந்தால் பாடகருக்குக் கடைசிச் சரணத்தில் மூச்சு வாங்க இடம் இருக்காது. ஆனால் உடனே பழியை டிரம்மர் மேல் போடாதீர்கள். ஓட்டத்தைக் கிளப்பியவர் உங்கள் கிட்டாரிஸ்ட்டாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, கிட்டாரை நிறுத்திவிட்டு அதே பாட்டை இன்னொரு தரம் வாசியுங்கள்.

அடுத்து கிளிக். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் மெல்லக் கேட்கும்படி 80 பிபிஎம்மில் ஓடவிடுங்கள். நான்கு பார் (ஒரு பாருக்கு நான்கு அடி) கேட்க வேண்டும், அடுத்த நான்கு பார் கேட்கக் கூடாது, மறுபடி நான்கு பார் கேட்க வேண்டும். சில மெட்ரோனோம் ஆப்களில் இதற்கென்றே வசதி உண்டு, இல்லாவிட்டால் ஒருவர் ஒலியைக் குறைத்துக் கூட்டினால் போதும். 80இல் நான்கு பார் என்பது 12 விநாடி மௌனம். கிளிக் திரும்பும்போது அது ஸ்னேர் மேலேயே விழுந்து காதுக்குத் தெரியாமல் மறைந்துபோனால், அவர் உள்ளேயே கடிகாரம் ஓடுகிறது. கொஞ்சம் விலகியிருந்தாலும் பரவாயில்லை. அப்போது என்ன செய்கிறார் என்பதே கவனிக்க வேண்டியது. ஒரே அடியில் வெடுக்கென்று தாவிச் சேர்ந்தால் மேடையில் எல்லோரும் தடுமாறுவீர்கள். இரண்டு பாருக்குள் யாருக்கும் தெரியாமல் நகர்ந்து சேர்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

ஃபில்லைத் தனியாகச் சோதியுங்கள். பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும் திருப்பத்தில் டாம்களில் உருட்டிவிட்டு கிராஷ் அடித்து இறங்குவார்கள் அல்லவா, அதுதான். பெரும்பாலான டிரம்மர்கள் டெம்போவைத் தவறவிடும் இடம் அதுவே. கை வேகமாகப் போவதால் மனமும் சேர்ந்து ஓடும், கிராஷ் சமத்துக்கு, அதாவது சுற்றின் முதல் அடிக்கு, கொஞ்சம் முன்னால் விழும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. ஃபில் தொடங்கும் முன்பிருந்தே தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருங்கள், ஃபில்லைக் கேட்டுத் தாளத்தை மாற்றாதீர்கள். உங்கள் தட்டும் அவருடைய கிராஷும் ஒன்றாக விழுகிறதா என்று பாருங்கள். பத்தில் மூன்று முறை முந்தினால் பயிற்சியில் சரியாகும். பத்திலும் முந்தினால் அது பழக்கம், எளிதில் போகாது.

இப்போது 6/8. ஆறு அடியும் ஒரே பலத்தில் "டக் டக் டக்" என்று விழுந்தால் கணக்கு சரியாக இருக்கும், காலோ அசையாது. எந்த அடி கனம், எந்த அடி லேசு என்பதில்தான் குத்து இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் கையை எடுத்துவிட்டு அந்த நடையை வாயால் சொல்லச் சொல்லுங்கள். "தகிட தகிட" என்றோ "டண்டணக்கா" என்றோ எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும். வாயில் நடை வருகிறவருக்குக் கையில் வந்துவிடும். மிருதங்கமோ தவிலோ கொஞ்ச நாள் கற்றவர்கள் இங்கே சட்டென்று தெரிந்துவிடுவார்கள்.

எடுப்பையும், அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தையும், இதோடு பாருங்கள். நம் பாட்டுகளில் பல்லவி சமத்தில் தொடங்காமல் அரை இடம் ஒன்றரை இடம் தள்ளித் தொடங்குவது நிறைய. டிரம்மர் ஸ்டிக்கைத் தட்டி "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" சொன்னதும் பாடகர் எங்கே நுழைய வேண்டும் என்பது அந்தத் தட்டிலேயே தெளிவாக இருக்க வேண்டும். பாடகர் இரண்டு முறை தவறாக நுழைந்தால், கவுண்ட் கொடுத்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். பல்லவியின் முதல் வரியை மனதுக்குள் பாடிப் பார்த்துவிட்டுக் கவுண்ட் கொடுக்கிறவர்கள் உண்டு. உதடு அசைவதைப் பார்த்தாலே தெரியும். அவர்களிடம் டெம்போ தவறுவது குறைவு.

சத்தம். மைக்கை அணைத்துவிட்டுப் பாடகரைச் சாதாரணக் குரலில் பாடச் சொல்லுங்கள். அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்கும் அளவுக்கு டிரம்மர் அடக்கி வாசிக்க வேண்டும், டெம்போ குறையாமல். மெல்ல வாசி என்றால் மெதுவாக வாசிக்கிறவர்களே அதிகம். இந்தச் சோதனையில் பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள். ஹைஹாட்டை மட்டும் தனியாகக் கவனியுங்கள். கிக்கும் ஸ்னேரும் அடங்கியிருக்க, ஹைஹாட் மட்டும் கத்திக்கொண்டிருந்தால் அது பாடகரின் மைக்கில் ஏறும். மேடையில் குரலைக் கூட்டக் கூட்ட ஹைஹாட்டும் கூடவே ஏறும், சவுண்ட் இன்ஜினீயர் எதுவும் செய்ய முடியாது. சிறிய அறையில் டிரம்ஸ் எளிதாக 100 டெசிபல் தாண்டும். அந்தச் சத்தத்தில் பாதுகாப்பான நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம் என்கிறது அமெரிக்காவின் பணியிட நலவாழ்வு நிறுவனமான நியோஷ். காதடைப்பான் போட்டு வாசிக்கிற டிரம்மரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நீங்களும் ஒரு ஜோடி வாங்குங்கள்.

பிறகு மற்றவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, பேஸும் டிரம்ஸும் மட்டும் இரண்டு நிமிடம். கிக் விழும் நொடியும் பேஸ் சுரம் தொடங்கும் நொடியும் ஒன்றானால் ஒரே தடித்த ஒலியாக நெஞ்சில் இடிக்கும். விலகினால் "த-டும்" என்று இரட்டையாகக் கேட்கும். ஐந்தாறு பாருக்குள் இருவரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்து, ஒருவர் மாற்ற மற்றவர் மாறி, சேர்ந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இரண்டு நிமிடமும் ஒருவரும் தலை நிமிரவில்லை என்றால், வாசிப்பு சுத்தமாக இருந்தாலும் யோசியுங்கள்.

கடைசியாக ஒரு குறும்பு. பாடகரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, இரண்டாம் சரணத்தை ஒரு பார் முன்னதாக எடுக்கச் சொல்லுங்கள். மேடையில் வாரா வாரம் நடப்பதுதான் இது. ஒரு பாருக்குள் பாடகரைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓட்டுகிறவர் உங்கள் ஆள். தன் கணக்குத்தான் சரி என்று கடைசி வரை பிடிவாதமாக வாசிக்கிறவரும் வருவார். கணக்குப்படி அவர் சொல்வது உண்மைதான், பாட்டு என்னவோ கெட்டுப்போயிருக்கும்.

டிராக் ஓட்டுகிற குழுவாக இருந்தால் இன்னொன்று. வழக்கமான எளிய ஏற்பாடு இது: லேப்டாப்பின் ஸ்டீரியோ ஒலியில் இடப்பக்கம் டிராக், வலப்பக்கம் கிளிக். இடது மிக்ஸருக்குப் போகும், வலது டிரம்மரின் காதுக்குப் போகும். கேபிள் மாறினால் மண்டபம் முழுக்க "டிக் டிக்" கேட்கும். அதனால் ப்ளே பொத்தானை அமுக்குவதும், இடது வலதைச் சரிபார்ப்பதும் பெரும்பாலும் டிரம்மர் பொறுப்பு. தேர்வு நாளிலேயே அவரிடம் லேப்டாப்பைக் கொடுத்து ஒரு பாட்டு ஓட்டச் சொல்லுங்கள். பாட்டு நடுவே டிராக்கை நிறுத்தியும் பாருங்கள். கை நிற்காமல் ஓடுகிறதா?

"ஃபில்லைக் குறைங்க" என்று சொல்லிப் பாருங்கள்

சொந்தப் பாட்டை ஒருமுறை வாசித்து முடித்ததும், இப்படி ஏதாவது ஒரு மாற்றம் கேளுங்கள்: சரணத்தில் ஃபில்லே வேண்டாம், பல்லவியில் ஸ்னேரைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், ஹைஹாட்டுக்குப் பதில் ரைடில் வாசியுங்கள். மாற்றம் நன்றாக இருக்கிறதா என்பது பெரிதல்ல. "சரி, ட்ரை பண்ணலாம்" என்று உடனே வாசித்துவிட்டு, "எனக்கு முதல்ல வாசிச்சதுதான் பொருந்துற மாதிரி இருக்கு, ஏன்னா இங்க வார்த்தை நெருக்கமா வருது" என்று காரணம் சொல்கிறவர் தங்கம். எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறவர் முதலில் வசதியாகத் தெரிவார். நாள் போகப் போக எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

பதிவை மறுநாள் கேளுங்கள்

எல்லோரையும் ஒரே செல்போனில், ஒரே இடத்தில் வைத்துப் பதியுங்கள். பாடகர் நிற்கும் இடம், சிம்பலிலிருந்து எட்டு பத்தடி தள்ளி, இடுப்பு உயரத்தில். டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் செல்போன் மைக்கில் ஒலி நசுங்கி எல்லாரும் ஒரே இரைச்சலாகக் கேட்பார்கள். அன்றே முடிவெடுக்க வேண்டாம். மறுநாள் ஹெட்போனில், வீடியோவைப் பார்க்காமல், ஒலியை மட்டும் கேளுங்கள். தலைமுடியை ஆட்டிக்கொண்டு வாசிக்கிறவர் நேரில் இரண்டு மடங்கு நன்றாக வாசிப்பதுபோல் தோன்றும். ஒவ்வொருவரும் தன் தேர்வைத் தனியாகக் குறுஞ்செய்தியில் எழுதிவிட்டு, பிறகு பேசுங்கள். முதலில் பேசினால் சத்தமாகப் பேசுகிறவர் விருப்பமே எல்லோர் விருப்பமாகிவிடும். கருத்து பிரிந்தால் பேஸ் வாசிப்பவர், பாடகர் இருவர் பேச்சுக்கு எடை அதிகம் கொடுங்கள், அவர் கூடவே அதிகம் மல்லுக்கட்டப் போவது இவர்கள்தான்.

வீட்டில் டிரம்ஸ் வைத்து வாசிக்க மாடி அறை இருக்கிறது, சொந்தமாகக் கார் இருக்கிறது என்பதற்காக ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அறை வாடகைக்குக் கிடைக்கும், சாமானை ஏற்ற டாடா ஏஸும் கிடைக்கும்.

தேதி, பணம், சாமான்

பிடித்த ஆளைக் கண்டதும் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நிறையக் குழுக்கள் உடைகின்றன. இப்போது எத்தனை குழுவில் வாசிக்கிறார், தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் ஏற்கெனவே யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறாரா, ஐடி வேலையென்றால் நைட் ஷிஃப்ட் உண்டா, ஒரே நாளில் இரண்டு ஷோ வந்தால் எதை விடுவார் என்பதை நேரடியாகக் கேளுங்கள். பல குழுவில் இருப்பது குற்றமல்ல. தேதி மோதும்போது எவ்வளவு முன்னால் சொல்வார் என்பதுதான் கேள்வி.

பணத்தில் மூன்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: சம பங்கா அல்லது ஷோவுக்கு இவ்வளவு என்ற கணக்கா, ரிகர்சல் அறை வாடகையில் அவருக்குப் பங்கு உண்டா, ஷோ ரத்தானால் அட்வான்ஸ் யாருக்கு. டிரம்ஸை ஏற்றி இறக்கும் வண்டிச் செலவைத் தனியாகப் பேசுங்கள். கிட்டாரிஸ்ட் பைக்கில் வந்துவிடுவார், இவரால் முடியாது. வாடகை டிரம்ஸ் வரும் மேடைகளில்கூட ஸ்னேர், சிம்பல், பெடல், ஸ்டிக் இவற்றை டிரம்மரே கொண்டுவருவதுதான் வழக்கம். ஸ்னேரின் தோல் கிழிந்தால் அவர் செலவா, குழுவின் செலவா என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் எதில் பயிற்சி செய்கிறார் என்றும் கேளுங்கள். வலைத்தோல் போட்ட எலெக்ட்ரானிக் டிரம்ஸ் கைச் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் கிக் பெடலின் இடி தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். அதைத் தடுக்க அடியில் தடித்த ரப்பர் மெத்தை போட்டிருக்கிறேன் என்று சொல்கிறவர் தினமும் வாசிக்கிறார் என்று நம்பலாம்.

ஆல்பம் பதிவுக்கு வேறு டிரம்மரை வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வைத்துக்கொள்ளலாம், முதலிலேயே சொல்லிவிட்டால். ரிங்கோ ஸ்டார் பீட்டில்ஸில் சேர்ந்த சில வாரங்களில், 1962 செப்டம்பர் 11 அன்று நடந்த ஒலிப்பதிவுக்கு ஆண்டி வைட் என்ற ஸ்டுடியோ டிரம்மரை அழைத்துவிட்டார்கள். ரிங்கோ அன்று டாம்பரினும் மராக்கஸும் வாசித்தார். குழுவில் அவர் இடம் போகவில்லை. ஆனால் ஸ்டுடியோவுக்கு வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைமையை உங்கள் டிரம்மருக்கு வைக்காதீர்கள்.

மூன்று ரிகர்சல், ஒரு சின்ன மேடை

தேர்ந்தெடுத்தவரிடம் "மூன்று ரிகர்சல், ஒரு சின்ன ஷோ, அதன் பிறகு இரு பக்கமும் முடிவு சொல்வோம்" என்று பேசிக்கொள்ளுங்கள். நண்பர் வீட்டுப் பிறந்தநாள், காபிக் கடை மேடை, கல்லூரி நிகழ்ச்சி எதுவானாலும் போதும். ரிகர்சலில் நூல் பிடித்ததுபோல் வாசிக்கிறவர் கூட்டத்தைப் பார்த்ததும் எல்லாப் பாட்டையும் பத்து பிபிஎம் கூட்டித் தொடங்குவது உண்டு. அது மேடையில் மட்டும்தான் தெரியும். முதல் பாட்டுக்கு முன் செல்போனில் மெட்ரோனோமைப் பார்த்துவிட்டுக் கவுண்ட் கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, சவுண்ட் செக்கில் இன்ஜினீயர் "கிக் மட்டும்" என்றால் கிக் மட்டும் வாசிக்கிறாரா, மற்றவர் ட்யூன் பண்ணும்போது சும்மா இருக்கிறாரா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம். திறந்தவெளி மேடையில் பொதுவாக இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே கடைசி இரண்டு பாட்டைச் சட்டென்று வெட்டச் சொன்னால் முகம் சுளிக்காத ஆளாகவும் இருக்க வேண்டும்.

தேர்வாகாதவர்களுக்கு இரண்டு நாளுக்குள் சொல்லிவிடுங்கள், காரணத்தோடு, ஒரே வரியில். இரண்டாவதாகப் பிடித்தவரிடம் மட்டும் இன்னொன்றும் கேளுங்கள்: எங்கள் டிரம்மர் வரமுடியாத நாளில் நீங்கள் வருவீர்களா? சரி என்றால், 10 பாட்டுக்கும் தலா ஒரு பக்கம் எழுதி அவருக்கு அனுப்பிவையுங்கள். டெம்போ, நடை, கவுண்ட் எப்படி, பல்லவி சரணம் இடையிசை ஒவ்வொன்றும் எத்தனை பார், எங்கே நிறுத்தம், முடிவில் எத்தனை அடி. இந்தத் தாளைப் புதிய டிரம்மரையே எழுதச் சொல்லலாம். முதல் ரிகர்சலுக்குள் எழுதிக்கொண்டு வந்துவிட்டால், மற்ற இரண்டு ரிகர்சலையும் நிம்மதியாக வாசிக்கலாம்.